போறேன் என்று மட்டும்

செருப்பு மாட்டியாகிவிட்டது. பையைத் தோளில் போட்டாகிவிட்டது.

இனி ஒரு சொல்தான் பாக்கி.

போறேன்.

மூன்றே எழுத்து. அதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிவிட வேண்டும்.

காலையிலிருந்து ஆளாளுக்கு அவள் காதில் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். கூடத் தங்கியிருந்த ஆக்னஸ் தலை பின்னிவிடும்போது ஓதினாள். சமையல்கட்டில் தோசையோடு சேர்த்து ஓதினார்கள். வாட்ச்மேன் பொன்பாண்டி கேட்டிலிருந்து இரண்டு தடவை நடந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் எந்த வீட்டுப் படி இறங்கினாலும் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். வெறுமனே போறேன் என்றால் வாயிலேயே போடுவார்கள்.

இந்த மறுவாழ்வு இல்லத்தில் எல்லாம் தலைகீழ். போதை மாத்திரையை விட்டுவிட்டு வெளியே போகிற பெண், இங்கே திரும்பி வருவேன் என்று தன் வாயாலேயே சொல்லலாமா? பலித்துத் தொலைத்தால்?

தை மாதம் ஒருத்தி வாய் தவறிச் சொன்னாளாம். பங்குனியில் அதே பெட்டியோடு வந்து இறங்கினாளாம். பொன்பாண்டி பெயரை மட்டும் சொல்ல மாட்டார், அதில் கறார். மற்றபடி பெட்டியின் நிறம் வரைக்கும் சொல்லுவார்.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் பல் தேய்க்கும்போது இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நாற்பத்திரண்டு நாள்.

கபடியில் முட்டி பிசகியபோது ஆரம்பித்த வலி மாத்திரை. முட்டி சரியாகிவிட்டது. மாத்திரை நிற்கவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசியில் ஒரு நாளைக்கு ஓர் அட்டை. பையின் முன் ஜிப்பில் எப்போதும் இருக்கும். கல்லூரி நின்றது. கபடி நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் நின்றது.

இப்போது பசிக்கிறது. படுத்தால் தூக்கம் வருகிறது. காலையில் நாலு தோசை தின்றுவிட்டு ஐந்தாவது கேட்டாள். எவ்வளவு பெரிய சந்தோஷம் இது! யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

பயமும் இருக்கிறது, அதை மறைப்பானேன். மாத்திரை வாங்கிய கடை வீட்டுக்குப் போகிற வழியில்தான். தெரு முக்கு திரும்பினால் எதிரே நிற்கும்.

அப்பா லோடு ஆட்டோவைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். கல்யாணத்துக்குப் போடுகிற சட்டை. கையில் ஒரு கிலோ மக்ரூன் இனிப்புப் பெட்டி. முதல் வாரமும் இப்படித்தான் மக்ரூனோடு வந்தார். அவள் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். பெட்டியைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இன்று கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் நீட்டினார். பொன்பாண்டிக்கு மூன்று தடவை நீட்டிவிட்டார். அவரும் மூன்று தடவையும் எடுத்துக்கொண்டார்.

கடைசியாக ஆலோசகர் இமாக்குலேட் அக்கா வெளியே வந்தார். வந்த புதிதில் அவள் வாய்க்கு வந்தபடி திட்டியதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, முடிஞ்சுதா, டீ குடிப்போமா என்று கேட்டவர். மறுநாளும் திட்டு வாங்கினார். மறுநாளும் டீ போட்டார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டு வாரேன்க்கா."

சொல்லியே விட்டாள்.

மாத்திரை இரண்டு வருடப் பழக்கம். இது இருபது வருடப் பழக்கம். நாக்கு என்ன செய்யும்?

ஆக்னஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்பாண்டி உச்சுக் கொட்டினார். அப்பா கையில் மக்ரூன் பெட்டி நீட்டியபடியே நின்றது. மாத்திச் சொல்லு தாயி என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். அந்த மூன்று எழுத்தும் வரவில்லை.

இமாக்குலேட் அக்கா விறுவிறுவென்று உள்ளே போனார். ஒரு மஞ்சள் அட்டையோடு திரும்பி வந்தார்.

வியாழக்கிழமை. மூன்று மணி. பக்கவாட்டு வாசல்.

வெளியே போனவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசுவதற்கு. போகிற எல்லோருக்கும் கொடுப்பதுதான். கேட்டுக்குப் பக்கத்தில் செம்பருத்திச் செடியடியில் அந்த மஞ்சள் அட்டைகள் கிடக்கும். பொன்பாண்டி பெருக்கி அள்ளுவதை அவளே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

அக்கா அட்டையை நீட்டினார். "தை மாசம் சொன்னவ வந்தாள்லா. வந்ததாலதான் இன்னைக்கு நல்லா இருக்கா. போறேன்னு சொன்ன பிள்ளையெல்லாம் போயிருது. நான் டீயப் போட்டு வச்சிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

பொன்பாண்டி செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் அட்டையை வாங்கி முன் ஜிப்பில் வைத்தாள்.

வியாழக்கிழமை அப்பாவுக்கு உப்பளத்து லோடு. வாரத்தில் நல்ல ஓட்டம் அந்த ஒருநாள்தான். அவள் பஸ்ஸில்தான் வர வேண்டும். பஸ் ஸ்டாப் அந்தக் கடைக்கு நேர் எதிரே.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. லோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

அப்பா சாவியைத் திருகினார். வண்டி உறுமியது. பிறகு என்ன நினைத்தாரோ, அணைத்துவிட்டார். தலையை வெளியே நீட்டி இமாக்குலேட் அக்காவைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை வாரோம்" என்றார்.