ஏரியில் இடமில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை. மலைப்பாதையில் மூச்சு வாங்கி ஏறி வந்த கார், பின்னால் இழுத்து வந்த படகோடு ஏரியின் கேட்டுக்கு முன்னால் நின்றது. கேட்டில் தொங்கிய பலகை போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் சொன்னது: 'இடம் இல்லை'.

"வண்டி நிறுத்த இடமில்லம்மா. நிறுத்த இடமில்லன்னா படகை இறக்கவும் விடமாட்டோம். ரூல்ஸ்" என்றான் காவலாளி, கேட்டுக்கு உள்ளே நின்றபடியே.

காரில் இருந்த கண்டக்டரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் காலமெல்லாம் நின்றுகொண்டே ஊரைச் சுற்றியவள் அவள். யாரும் இடிக்காத, யாரும் சில்லறைக்குச் சண்டை போடாத ஒரு வண்டியில் ஒரு நாளாவது உட்கார்ந்து போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அப்படிப்பட்ட வண்டி தண்ணீரில்தான் ஓடும் என்று கண்டுபிடித்து, ஆசை ஆசையாய் இந்தப் படகை வாங்கினாள். வாங்கிய நாளிலிருந்து அது பார்த்த ஒரே தண்ணீர், மழைத் தண்ணீர்.

"விடு, நமக்குக் குடுத்து வைக்கல" என்றார் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மாஸ்டர் அவர். வாலிப வயதில் புயலிலேயே படகு விட்டவர், அவரே சொல்லியிருக்கிறார். "துடுப்பு மட்டும் ஒரு தடவை என் கையில கிடைக்கட்டும், அப்புறம் பாரு" என்று இன்றைக்கும் வழி நெடுகச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

படகைக் கட்டி இழுக்கும் காரைத் திருப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. அவர் முன்னும் பின்னும் போய்த் திணறிய திணறலை அவருடைய மாணவர்கள் பார்த்திருந்தால் ஃபீஸைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் கண்டக்டரம்மா இறங்கிப்போய், வேலியோரப் பாறையில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு பெரிய மைதானத்தில் நின்றவை நாலைந்து வண்டிகள்தான். மிச்ச இடத்தில் ஒரு நாய் கால் நீட்டிப் படுத்திருந்தது.

"என்னங்க! உள்ள காலியா கிடக்கு! அந்த ஆளு பொய் சொல்றான்!"

மாஸ்டரின் முகம் வெளிறிவிட்டது. "மெதுவா பேசு. இதெல்லாம் பெரிய இடத்து சமாச்சாரமா இருக்கும். ஏரி வழியா எதையாவது கடத்துவானுங்க. எதையாவது கல்லைக் கட்டி உள்ள முழுக்குவானுங்க. நமக்கெதுக்கு வம்பு?"

"எதை முழுக்குவானுங்க?"

"யாரு கண்டா? கேள்வி கேக்கறவங்களைக்கூட முழுக்கலாம்."

அவளைப் பயமுறுத்தத்தான் சொன்னார். ஆனால் டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே பிடிக்கிறவளிடம் அந்தப் பாச்சா பலிக்குமா? மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

அந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து காணாமல் போன ஆடுகளையே தேடிக்கொண்டிருந்தார் இன்ஸ்பெக்டர். 'கடத்தல்' என்ற சொல் காதில் விழுந்ததும் அவரே நாற்காலி இழுத்துப் போட்டு, டீ வரவழைத்தார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கம்மா. வீட்டுக்காரர்கிட்டகூட."

"சொல்லவே மாட்டேன் சார். எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பதறிப் போயிடுவாரு, பாவம்."

அடுத்த ஞாயிறு. "அக்கா வீட்டுக்குப் போயிட்டு, நேரா ஏரிக்கு வந்துடறேன். நீங்க படகோட வந்துடுங்க" என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, கண்டக்டரம்மா தெருமுனையில் போலீஸ் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

ஜீப் சத்தமில்லாமல் கேட்டை நெருங்கியபோது பலகையில் 'இடம் உண்டு' என்று இருந்தது.

"பாத்தீங்களா சார், அநியாயத்தை!" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

இன்ஸ்பெக்டர் ஒரே பாய்ச்சலில் போய்க் காவலாளியின் காலரைப் பிடித்தார். "சொல்லுய்யா! எத்தனை நாளா நடக்குது? என்ன கடத்தறீங்க? யாரை முழுக்குனீங்க?"

"ஐயோ சார்! மீன் பிடிக்கறவங்கதான் சார் உள்ள இருக்காங்க!"

கான்ஸ்டபிள் உள்ளே ஓடி, கரையெல்லாம் சோதனை போட்டுவிட்டு ஒரு டப்பாவோடு திரும்பி வந்தார். ஆவலாய்த் திறந்து பார்த்தால், தூண்டிலுக்கான மண்புழுக்கள் நெளிந்தன. இன்ஸ்பெக்டருக்கு மறுபடியும் ஆடுகள் ஞாபகத்துக்கு வந்தன. வந்த ஆத்திரத்தில் காலரை இன்னும் இறுக்கினார்.

"அப்போ எங்களை மட்டும் ஏன்யா வாராவாரம் திருப்பி அனுப்பினே?" என்று கண்டக்டரம்மா கத்தினாள். "ஒரே ஒரு நாள் தண்ணியில உக்காந்து போகணும்னு ஆசைப்பட்டேன். அது குத்தமா?"

காவலாளி தலையைக் குனிந்துகொண்டான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"யார் சொல்லிச் செஞ்சே? பேரைச் சொல்லு!" என்று உலுக்கினார் இன்ஸ்பெக்டர்.

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் சார். அடிச்சாலும் வாய் திறக்க மாட்டேன்."

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. இரண்டு தடவை நீளமாக, ஒரு தடவை சின்னதாக.

காலர் இன்ஸ்பெக்டரின் பிடியில் இருக்க, காவலாளியின் கை மட்டும் தன்பாட்டுக்கு நீண்டு, பலகையைத் திருப்பிப் போட்டது: 'இடம் இல்லை'.

வளைவைத் தாண்டி, படகை இழுத்துக்கொண்டு மாஸ்டரின் கார் வந்தது.

"தப்பா நினைக்காதீங்கம்மா" என்றான் காவலாளி. "ஏரியைப் பாத்தாலே உங்க வீட்டு சாருக்குக் கைகாலெல்லாம் உதறுதாம்."