ஒரே வாய்க்கால்

“பழனிவேல் என் எதிரின்னு எழுதினியா, இல்ல வேற எதையாவது எழுதிக்கினு இருக்கியா?”

கண்ணையன் மகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“ரைவல்னு எழுதியிருக்கேம்ப்பா. போட்டிக்காரர்னு அர்த்தம்.”

“சப்புன்னு இருக்குதே! திருடன்னு தெரியற மாதிரி எழுது பாப்பா.”

இங்கிலீஷ் புகாருக்குத்தான் போலீஸ் ஸ்டேஷனில் மரியாதை என்பது அவர் கட்சி. நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் வரும் வாய்க்காலில்தான் வடக்குத்து கிராமத்தில் அவர் வயலுக்கும் பழனிவேல் வயலுக்கும் முறை வைத்துப் பாசனம். அவர் சுரங்கத்தில் காலை ஷிஃப்ட்டுக்குப் போனதும் யாரோ மடையைத் திருப்பிவிடுகிறார்கள். அவர் முறைத் தண்ணீர் அடுத்த வயல் பழனிவேலுக்குப் போய்விடுகிறது. வேறு யார் செய்வார்கள்?

“நீங்க கண்ணால பாத்தீங்களாப்பா?”

“பாக்க வேற செய்யணுமா? தண்ணி அவன் வயல்ல நிக்குது!”

“கேஸ் ஆச்சுன்னா அவரோட சுரங்கக் கான்ட்ராக்ட் வேலையே போயிடும்பா.”

“போவட்டும்!”

இசைப்பிரியா பேனாவை மூடினாள். “ரைவல்ங்கிற வார்த்தை எப்படி வந்துச்சு தெரியுமா? லத்தீன்ல ரிவஸ்னா ஓடை. ஒரே ஓடையில தண்ணி எடுக்கிறவங்களுக்குத்தான் மொதல்ல அந்தப் பேரு. சண்டைக்காரங்கங்கிற அர்த்தம் அப்புறம் வந்து ஒட்டிக்கிச்சு. நீங்களும் பழனிவேல் மாமாவும்...”

“மாமாவாம் மாமா!” கண்ணையனுக்குச் சுருக்கென்றது. “இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தது? அவன் புள்ள நெடுமாறனா?”

“ஐயோ அப்பா, காலேஜ்ல சொன்னாங்க!”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்குள்ளேயே எதிரிக்கு ஆள் இருக்கிறது போலிருக்கிறதே! அடுப்படியில் மனைவி செங்கமலம் வேறு சத்தமே காட்டவில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

“செங்கமலம், இங்க வா. சாட்சிக் கையெழுத்து நீ போடு.”

ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தவள், பேனாவைத் தொடவில்லை.

“நான் எப்படிங்க சாட்சி போடுறது? மடையைத் திருப்பி வுட்டதே நான்தானே!”

“என்னாடி சொல்ற?”

“இப்ப அவங்க பயிரு காயுதுங்க. போன போகத்துல நம்ம பயிரு காஞ்சப்ப, பழனிவேல் அண்ணன் வேலைக்குப் போனதும் அவரு சம்சாரம் சின்னம்மாளு அவங்க முறைத் தண்ணியை நமக்குத் திருப்பி வுட்டா. அப்ப நம்ம வயல்ல நின்ன தண்ணிக்கு மட்டும் நீங்க ஏன் புகார் எழுதல?”