இரண்டாவது பொருள்

அகராதி அலுவலகத்தில் பிழை திருத்துகிறவள் எத்தனை தடவை பார்த்துக் கொடுத்தாலும், ஆசிரியர் மறுபடி வரிவரியாகத் துருவுவார். ஒரு கால்புள்ளி சிக்கினால் போதும், அன்று முழுக்க அர்ச்சனைதான். பதினோரு வருடமாக இதே கதை.

இன்று ‘நம்பிக்கை’ என்ற சொல் இருந்த பக்கம். அவரிடம் நீட்டினாள்.

“பார்த்தாச்சாம்மா?”

“மூணு தடவை பார்த்துட்டேன் சார்.”

“அப்ப சரி. எங்க கையெழுத்துப் போடணும்?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீங்க படிக்கலையா சார்?”

“எதுக்கு? உங்க மேல நம்பிக்கை இல்லாமலா இத்தனை வருஷம் வச்சிருக்கேன்?”

அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கண் கலங்க, கும்பிடாத குறையாகப் பக்கத்தை வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, உள்ளே தொலைபேசி ஒலித்தது.

“ஆமா, மூக்குக்கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். சீக்கிரம் குடுத்து அனுப்பு. காலையிலேர்ந்து ஒரு எழுத்துகூடத் தெரியல, காட்டிக்காம ஓட்டிட்டிருக்கேன்.”

தன் மேஜைக்குப் போனவள் பேனாவை எடுத்தாள். ‘நம்பிக்கை’க்குக் கீழே ஒரு வரி சேர்த்து, கையெழுத்தான பக்கத்தை நேரே அச்சுக்கு அனுப்பினாள்.

“2. வேறு வழியில்லாதபோது ஒருவர் மேல் வைப்பது.”