எரித்த சீட்டுகள்

நரம்பில் ஊசி ஏற்றி, மேலே பிளாஸ்திரியும் ஒட்டியாயிற்று. மருந்துப் பைதான் இன்னும் வரவில்லை.

வில்மார் நாற்காலியில் சாய்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி மிர்த்தா, மடியில் பிளாஸ்க்.

தொண்டைப் புற்று. கத்தி, கதிர், மருந்து எல்லாவற்றையும் ஏய்த்துவிட்டு மூன்றாம் முறை முளைத்திருந்தது. அதில் ஒரு துணுக்கை எடுத்து ஆராய்ந்து, அவர் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அதன்மேல் ஏவிவிட இரண்டு மருந்துகளைச் சேர்த்திருந்தார்கள். அவருக்கென்றே. இதை விட்டால், உருகுவேயின் தலைநகரான மொந்தேவிதேயோவில்கூட அவருக்கு வேறு மருந்து இல்லை.

டாக்டர் ஃபெரெய்ரா வெறுங்கையோடு வந்தார்.

"வில்மார், உங்களுக்கு முன்னாடி குடல் நோய் இருந்துச்சாமே? உடம்பே தன் குடலை அரிக்கிற நோய். காலைல ஃபோன் வந்துச்சு. அது இருக்கிறவங்களுக்கு இதை ஏத்துனா குடலே ஓட்டையாயிடும். ஏன்யா மறைச்சீங்க?"

ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

இருபது வருடத்துக்கு முந்தைய நோய் அது. வடக்கே சால்த்தோ ஊரில் பஸ் ஓட்டிய காலம். அன்று பார்த்த வைத்தியர் இப்போது உயிரோடு இல்லை. மகளிடம்கூடச் சொன்னதில்லை. இந்தச் சிகிச்சைக்குப் பெயர் கொடுக்குமுன் வந்த ஞாயிறன்று, அந்த நோயின் பழைய மருத்துவச் சீட்டுகளை எல்லாம் கொல்லையில் இறைச்சி சுடும் அடுப்பில் போட்டு எரித்தார்.

தீக்குச்சி கிழித்துக் கொடுத்தது மிர்த்தா.

டாக்டரைப் பார்த்தால் மிர்த்தா நோட்டைத் திறந்துவிடுவாள். பத்துக் கேள்விக்குக் குறையாது. இன்று நோட்டு பையை விட்டு வெளியே வரவில்லை. ஃபோன் பண்ணியது யார் என்றுகூட அவள் கேட்கவில்லை.

சுரைக்குடுக்கையில், தேநீர்போல் குடிக்கும் மாத்தே இலைமேல் வெந்நீர் ஊற்றி, வழக்கம்போல் முதல் வாய் தான் குழாயால் உறிஞ்சிப் பார்த்து, மறுபடி ஊற்றி நீட்டினாள்.

"ஆறிடுச்சு, கெழவா. தொண்டை எரியாது, குடி." பிறகு, தரையைப் பார்த்தபடி, "அந்த மருந்து ஏறலேன்னா, ஆறு மாசமாவது என்கூட இருப்பல்ல."

வில்மார் குழாயில் கடகடவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சினார்.

மாத்தே ஊற்றித் தருபவரிடம் யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால், இனி உன் கையால் வேண்டாம் என்று பொருள். முப்பத்தொரு வருடக் காலைகளில் ஒருநாளும் அவர் அதைச் சொன்னதில்லை. பிளாஸ்க் காலியானால்தான் எழுவார்கள்.

குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நன்றி, மிர்த்தா."

பிளாஸ்க்கில் பாதிக்கு மேல் வெந்நீர் இருந்தது.