அரை நாள் லீவு

"தலை வலிக்குது சார். அரை நாள் லீவு வேணும்" என்றாள் செல்வலட்சுமி.

"ஆஸ்பத்திரில காட்டிட்டு ரூமுக்குப் போம்மா" என்று அனுப்பிவிட்டு, அவள் இடத்தில் தானே நின்று ஒயர் மாட்டத் தொடங்கினான் லைன் சூப்பர்வைசர் இசக்கிதுரை.

ஒரகடம் தொழிற்சாலைக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரமே ஆன மேனேஜர் கஜேந்திரன் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாய்யா, நீ சூப்பர்வைசரா, தர்மகர்த்தாவா? கேட்டவங்களுக்கெல்லாம் லீவு குடுத்துகினு இருக்க. மூணு வருஷம் முன்னாடி பெஸ்ட் லீடர்னு அவார்டு வாங்குன ஆளாமே! இனிமே ஒருத்தருக்கு லீவு குடுத்தாலும் உன்னை மாத்திடுவேன்."

"மாத்திக்கிடுங்க சார்."

"திமிரா?"

"இல்ல சார். அவார்டு வாங்குன மாசம் ஒருத்தி தலைவலின்னு லீவு கேட்டா. ஷிப்ட் முடியட்டும்னேன். முடியுறதுக்குள்ள லைன்லயே விழுந்து செத்துட்டா."

கஜேந்திரனின் குரல் இறங்கியது. "அப்பல்லாம் நீ யாருக்குமே லீவு குடுக்க மாட்டியா?"

"அன்னைக்கு வேற ரெண்டு பேருக்குக் குடுத்தேன் சார். அவளுக்கு மட்டும்தான் குடுக்கல."

"ஏன்யா? அவ மேல இன்னா கோவம்?"

இசக்கிதுரையின் கை ஒயர் மாட்டுவதை நிறுத்தவில்லை.

"கோவம் இல்ல சார். பொண்டாட்டிக்குச் சலுகை காட்டுதான்னு லைன்ல யாரும் பேசிரக் கூடாதுல்லா."