வளர்மதியின் பச்சை விளக்கு

வளர்மதி அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் கேட்கவில்லை. அவள் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டினார்கள். ரத்தத்தில் பதற்றம் ஏறினால் சிவப்பு எரியும், சம்பந்தம் கிடையாது.

மாப்பிள்ளை சட்டென்று எழுந்து அவள் முகத்துக்கு நேரே கையை ஓங்கினான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பட்டையில் பச்சை மாறவே இல்லை.

"இதுக்கு முன்னாடி எட்டுப் பொண்ணு. எல்லாமே செவப்பு," என்றாள் அவன் அம்மா. "எங்க பையன் கொஞ்சம் முன்கோபி. இவளை எப்படிங்க இப்படி வளர்த்தீங்க?"

அப்பா கூச்சத்தோடு சிரித்தார். சம்பந்தம் முறியட்டும் என்று நானே பதில் சொன்னேன்.

"அஞ்சு வயசுலேர்ந்து அப்பா பெல்ட்டால அடிச்சுத்தாங்க. இப்ப அவளுக்கு எந்தப் பதற்றமும் ஏறாது."

அந்தம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை.

"அப்ப மெஷின் பொய் சொல்லல," என்று மகனிடம் சொன்னவள், அப்பா பக்கம் திரும்பினாள். "தட்டு மாத்திக்கலாம், சம்பந்தி."