ஒரு மூட்டைக் கூலி

"எங்க மூட்டைக் கூலியில ஒங்க மகளுக்குக் காவலா?"

தேர்தல் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினார் பிச்சைமணி. உள்ளே வடையும் டீயுமாக இருந்த நாலு பேரும் நைசாக வெளியே நழுவிவிட்டார்கள். வேட்பாளர் நிர்மலாதேவி மட்டும் நோட்டீஸ் கட்டுகளுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டார்.

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அறுபது பேருக்கும் பிச்சைமணிதான் தலைவர். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கும் நிர்மலாதேவிக்காக, தினமும் ஆளுக்கு ஒரு மூட்டைக் கூலியைத் தனியே எடுத்து வைத்துக் கொடுக்கிறார்கள். கட்சி இல்லாதவருக்கு வேறு யார் கொடுப்பார்கள்?

"குவாரிக்காரங்க மிரட்டுதாங்க. காவலுக்கு ஒரு ஆள் வைக்கணும், அண்ணாச்சி" என்று மூன்று வாரத்துக்கு முன்னால் நிர்மலாதேவி கேட்டபோது, முதலில் தலையாட்டியவரும் இவர்தான். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த பாண்டியை அந்தப் பணத்தில் சம்பளத்துக்கு வைத்தார்கள்.

வைத்ததோடு சரி. வேட்பாளர் தன்னந்தனியாக ஸ்கூட்டியில் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டு அலைகிறார். காவல்காரரைத்தான் காணோம்.

இன்று பிச்சைமணி கண்டுபிடித்துவிட்டார்.

"ஓட்டலுக்குக் காய் இறக்க டெம்போவுல குத்தாலம் போனேன். பாண்டி லேடீஸ் காலேஜ் வாசல்ல நிக்கான். ஒங்க மக ஸ்வாதி படிக்க காலேஜ்தான அது?"

"ஆமா அண்ணாச்சி."

"எம்மகளும் அங்கதான் படிக்கா. கூட்டத்தோட கூட்டமா பஸ்ல போயிட்டு வாரா. கவுன்சிலர் வீட்டுப் பிள்ளைன்னா மட்டும் பட்டாளத்துக்காரன் வேணுமோ? இன்னும் ஜெயிக்கவே இல்ல, அதுக்குள்ளயா?"

நிர்மலாதேவியின் முகம் சுருங்கியது. "எலெக்சன் முடியட்டும், எல்லாம் சொல்லுதேன். அதுவரைக்கும் கேக்காதிய, அண்ணாச்சி."

"அண்ணாச்சின்னு கூப்பிடாதிய. இனிமே நானும் தங்கச்சின்னு சொல்லப் போறதில்ல. இன்னைக்குக் கூட்டத்துல நான் மைக்கத் தொட மாட்டேன்."

நிர்மலாதேவிக்கு அதுதான் பெரிய அடி. அவருக்கு மேடையில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. பாறை ஏற்றிப் போகும் லாரிகளால் ரோடு பாழாவதையும், குவாரியில் வெடி வைக்கிற அதிர்வில் வீடுகள் விரிசல் விடுவதையும் ஊர் ஊராகப் போட்டு உடைத்தது பிச்சைமணிதான். கூட்டம் சேருவதே அவர் பேச்சுக்குத்தான்.

அப்போது ஸ்வாதி உள்ளே வந்தாள். "யம்மா, பசிக்கி. வடை இருக்கா?"

பிச்சைமணி விடவில்லை. "வாம்மா. ஒன் காவல்காரர எங்க காணும்?"

"பாண்டி மாமாவா? அவங்க பஸ்லல்லா வருவாங்க! நான் கூடப் படிக்க ஷாரோன் வண்டியில வந்துட்டேன்."

பிச்சைமணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இந்தப் பிள்ளையை விட்டுவிட்டு பஸ்ஸில் அவனுக்கு என்ன வேலை?

எதிரே தென்காசி பஸ் வந்து நின்றது. பிச்சைமணியின் மகள் இசக்கிசெல்வி இறங்கினாள். பத்தடி தள்ளி, அவளுக்குப் பின்னாலேயே பாண்டி இறங்கினார். அவள் ரோட்டைக் கடந்து முடிக்கும்வரை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எம்மக பின்னால இவன் எதுக்கு வாரான்?" என்றார் பிச்சைமணி.

"மிரட்டி போன் வந்தது எனக்கில்ல, அண்ணாச்சி" என்றார் நிர்மலாதேவி. "ஒங்க மகளுக்கு. 'ஒங்கப்பன் வாய மூடலன்னா நீ வீடு போய்ச் சேர மாட்ட'ன்னு சொல்லியிருக்கான். அன்னைக்கே போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு. ஒங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு என் கையப் பிடிச்சு அழுதா. நான் என்ன செய்ய?"

பிச்சைமணியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலுக்கு ஓடிப்போய் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, இவ்வளவு பயத்த மனசுக்குள்ள வச்சிக்கிட்டா காலேஜுக்குப் போயிட்டு வந்த? பெத்த அப்பன்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

உள்ளே நின்ற நிர்மலாதேவியின் முகத்தைப் பார்த்ததுமே இசக்கிசெல்விக்கு விஷயம் புரிந்துபோனது. கண் கலங்கிவிட்டது.

"சொன்னா நீங்க பேச்ச நிறுத்திருவிய. சின்னப் பிள்ளையில இருந்து நீங்க மூட்டைக்கு அடியில குனிஞ்சு போறதத்தான் பாத்திருக்கேன். அந்த மைக்குக்கு முன்னாலதான், யப்பா, நீங்க நிமிந்து நிக்கிய."